பொன் தகடும் சர்க்கார் பட்டாளமும்

(ஒரு பகுத்தறிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் உங்களில் அநேகருக்குப் புதிதாய் இருக்கலாம். வழக்கமாக நமது கூட்டங்களில் பேசப்படும் சாமிகளையும், சாஸ்திரங்களையும், சடங்குகளையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அமெரிக்காவில் மார்மன் மதம் என்பதாக ஒரு மதம் எப்படிப் பிறந்தது, அதற்கும் அந்நாட்டு சர்க்காருக்கும் எப்படிச் சண்டை மூண்டது, அந்தச் சண்டையில் யார் யார் எப்படி எப்படி நடந்து கொண்டார்கள் என்பதைச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.

"எங்கேயோ நடந்த சங்கதி நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நம் நாட்டு மதங்கள் எப்போது பிறந்தன, யார் பெற்றார்கள் என்று கேட்டால், "அனாதி" என்று ஒரே வார்த்தையில் நம் வாயை அடைத்து விடுகிறார்கள். மார்மன் மதமோ அச்சு யந்திரமும், பத்திரிகையும், கோர்ட்டும், அடமானப் பத்திரமும் ஏற்பட்ட பிறகு பிறந்தது. அது பிறந்த தேதி, அச்சடித்த கூலி, அதற்காக ஈடு வைத்த நிலம் ஆகிய எல்லாம் கணக்கில் இருக்கின்றன. குயவன் பானை வனைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் ஒரு மதம் உற்பத்தியாவதை நாம் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நாம் மதங்களைக் கண்டிக்கிறவர்கள். அப்படிப்பட்ட நாம், ஒரு மதக்காரர் தம் மதத்திற்காக அடிபடும்போது எந்தப் பக்கம் நிற்பது? அன்றியும், மதத்தின் பேரால் நடக்கும் கொடுமைகளைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று கேட்கிறவர்களும் நாமேயல்லவா? அப்படியானால் சர்க்காரின் கை எதுவரை நீளலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள பதிலை அந்தச் சரித்திரத்தில் தேடிப் பார்ப்போம்.

மதம் பிறந்த விதம்

ஜோசப் ஸ்மித் என்பவர் 1805-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி வெர்மாண்ட் என்னும் மாகாணத்தில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். பிறகு அக்குடும்பம் நியூயார்க் மாகாணத்தில் பால்மைரா என்னும் ஊர்ப் பக்கம் குடியேறிற்று. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் வீதிக்கொரு பிரசங்கி, வாரத்துக்கொரு புது மதம் என்ற நிலைமை. அதோடு, பூமிக்கடியில் புதையல் இருக்கிறதென்று மை போட்டுப் பார்ப்பதுபோல், கல்லை வைத்துப் பார்த்துச் சொல்லும் தொழிலும் நடந்து கொண்டிருந்தது. வாலிபரான ஸ்மித்தும் அத்தொழிலைச் செய்தார். அதற்காக 1826-ல் அவர் ஒரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார் என்பது ரிக்கார்டில் இருக்கிறது.

1823-ல் மோரோனி என்னும் தேவதூதன் தம் முன் தோன்றி, பக்கத்துக் குன்றில் பொன் தகடுகளில் எழுதிய ஒரு வேதம் புதைந்திருப்பதாகச் சொன்னதாயும், 1827-ல் அதைத் தாம் எடுத்து வந்ததாயும் ஸ்மித் சொன்னார். தகட்டில் இருந்த பாஷை எகிப்தியத்தைத் திருத்தி அமைத்த ஒரு பாஷையாம். அதை மொழி பெயர்த்த விதத்தைக் கேளுங்கள். ஒரு தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, அத்தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டு அவர் சொல்லச் சொல்ல, மற்றொருவர் எழுதினார். இது விரோதிகள் கட்டிய கதையல்ல. அந்தக் கல்லின் படத்தை அந்தச் சபையாரே 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்த வேதத்தை அச்சிடப் பணம் கொடுத்தவர் மார்ட்டின் ஹாரிஸ் என்னும் நிலக்காரர். அவருடைய மனைவிக்கு இதில் நம்பிக்கையில்லை. ஆகவே 1828-ல் எழுதி முடித்திருந்த 116 பக்கங்களை வீட்டாருக்குக் காட்டுவதற்காக ஹாரிஸ் வாங்கிக் கொண்டு போனார். அவை காணாமற் போய்விட்டன. தோழர்களே, இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தகடு உண்மை, கல் உண்மை, கடவுள் சொல்லிக் கொடுப்பது உண்மை என்றால், அதே 116 பக்கங்களை வார்த்தை மாறாமல் மறுபடியும் சொல்லியிருக்கலாமல்லவா? திருடியவர்கள் பழைய பிரதியைக் கொண்டு வந்து ஒப்பிட்டால், உலகமே அவர் காலில் விழுந்திருக்காதா? ஆனால் நடந்தது என்னவென்றால், "அந்தப் பாகத்தை மறுபடியும் மொழி பெயர்க்காதே, துஷ்டர்கள் பழைய பிரதியைத் திருத்தி உன்னைப் பொய்யனாக்குவார்கள், அதே சங்கதியைச் சொல்லும் வேறு தகட்டை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறேன்" என்கின்ற கருத்தில் ஆண்டவனிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது! பரீட்சை எப்போது வந்தாலும் அதற்கு முன்னால் ஆண்டவன் உத்தரவு வந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் அமெரிக்க ஆண்டவனுக்கும் நம் ஊர்ச் சாமியாடி மேல் வரும் ஆண்டவனுக்கும் ஒரு வித்தியாசமுமில்லை.

கடைசியில் ஹாரிஸ் தம் நிலத்தை 3,000 டாலருக்கு ஈடு கட்ட, 1830 மார்ச் மாதம் "மார்மன் புத்தகம்" 5,000 பிரதிகள் அச்சாகி வெளிவந்தது. தகடுகளைத் தேவதூதன் திரும்ப வாங்கிக் கொண்டு போய்விட்டானாம். அவ்வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி சபை ஆரம்பமாயிற்று. அப்போது தீர்க்கதரிசிக்கு வயது 24.

அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு சங்கதியை மாத்திரம் சொல்லுகிறோம். அமெரிக்காவின் பூர்வ குடிகள் ஆதியில் பாலஸ்தீனப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வம்சம் என்றும், அவர்களில் ஒரு கூட்டத்தார் கடவுளுக்கு அடங்காததால் அவர்கள் தோல் கறுத்துப் போகும்படி கடவுள் செய்தார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஒருவனைத் தாழ்த்த வேண்டுமானால் அவன் தாழ்வைக் கடவுள் தலையில் கட்டிவிடுவது என்கின்ற தந்திரம் எந்த நாட்டு வேதக்காரருக்கும் தெரிந்ததுதான் போலும்! ஆனால் அப்பூர்வ குடிகளின் மூதாதைகள் ஆசியாவின் வடகோடியிலிருந்து வந்தவர்கள் என்பதை ரத்தத்தையும் எலும்பையும் பரிசோதித்து விஞ்ஞானிகள் இன்று சொல்லுகிறார்கள்.

மற்றொன்று. 1835-ல் ஊர் ஊராய்ப் பிணப் பேழை காட்டிப் பிழைத்த ஒருவரிடமிருந்து, எகிப்திய மம்மிகளையும் பழைய பப்பைரஸ் சுருள்களையும் ஸ்மித்தும் அவரது சபையாரும் 2,400 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அச்சுருள் ஆபிரகாம் என்பவரது எழுத்து என்று சொல்லி ஸ்மித் மொழி பெயர்த்தார். 1842-ல் அது வெளியாயிற்று. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யார்? ஆகையால் தீர்க்கதரிசி தப்பித்துக் கொண்டார். ஆனால் அச்சுருளின் துண்டுகள் சில 1966-ல் நியூயார்க் நகரப் பொருட்காட்சி சாலையில் அகப்பட்டன. எகிப்திய எழுத்தில் தேர்ந்தவர்கள் படித்துப் பார்த்தால், அவை செத்தவனோடு வைத்துப் புதைக்கும் சாதாரணக் கருமாதி மந்திரங்களாய் இருந்தன! ஆபிரகாமின் பெயர்கூட அவற்றில் இல்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தப் புத்தகம் இன்றும் அவர்களுக்கு வேதமாகவே இருந்து வருகின்றது.

அடித்தவர்கள் கதை

நிற்க. இதுவரை கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வந்தது. இனிச் சொல்லப் போவது சிரிக்கக் கூடியதல்ல.

1831-ல் ஸ்மித்தின் கூட்டத்தார் ஓகையோ மாகாணத்துக்குப் போனார்கள். அன்றியும், மிசூரி மாகாணத்தில் ஜாக்சன் ஜில்லா என்னும் இடமே ஆண்டவன் தங்களுக்கு ஒதுக்கிய புண்ணிய பூமி என்று ஸ்மித் சொன்னதன் பேரில், அங்கேயும் கூட்டங் கூட்டமாய்ப் போய் நிலம் வாங்கினார்கள். 1833-க்குள் அந்த ஜில்லாவில் சுமார் 1,200 பேர் சேர்ந்துவிட்டார்கள். அங்கே முன்னமே இருந்தவர்களுக்குப் பயம் பிடித்தது. "இவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள், இந்நிலமெல்லாம் கடவுள் தங்களுக்குக் கொடுத்தது என்கிறார்கள்" என்று முறையிட்டார்கள். அன்றியும் மிசூரி நீக்ரோ அடிமைகளை வைத்திருந்த மாகாணம். சுதந்திரமடைந்த நீக்ரோக்களைப் பற்றி மார்மன் பத்திரிகையில் ஒரு வியாசம் வந்ததும், "நம் அடிமைகளைக் கிளப்பி விடுகிறார்கள்" என்று கூச்சலிட்டார்கள். 1833 ஜூலை 20-ந் தேதி கும்பல் ஒன்று அவர்களுடைய அச்சுக்கூடத்தை இடித்துத் தள்ளிற்று. அவர்களது மேற்றிராணியாரைத் தெருவில் இழுத்து வந்து, உடம்பெங்கும் தார் பூசி, இறகு ஒட்டி அவமானப்படுத்திற்று. நவம்பரில் எல்லோரையும் ஜில்லாவை விட்டே துரத்திவிட்டார்கள். நிலத்தைக் கிரயம் கொடுத்து வாங்கின பத்திரம் கையில் இருந்தது. ஆனால் கும்பலிடம் பத்திரத்தைக் காட்டி என்ன பயன்?

இவர்கள் மிசூரியிலேயே வேறு பக்கம் போய் ஊர் கட்டினார்கள். 1838-ல் மறுபடியும் சண்டை வந்தது. ஆகஸ்டு 6-ந் தேதி காலட்டின் என்ற ஊரில் மார்மன்களை ஓட்டுப் போட விடமாட்டோமென்று சிலர் தடுக்க, கைகலப்பு ஏற்பட்டு அது பெருகிற்று. இதில் மார்மன்கள் பக்கமும் குற்றம் இல்லாமலில்லை. அவர்களில் ஒரு கூட்டத்தார் ரகசியப் பிரமாணம் செய்து கொண்டு, எதிராளிகள் வீடுகளைக் கொள்ளையடித்து நெருப்பு வைத்தார்கள். அவர்களில் ஒரு தலைவர் ஜூலை 4-ந் தேதியே, "எங்கள் மேல் கை வைத்தால் ஒருவருமில்லாமல் செய்துவிடுவோம்" என்கின்ற தோரணையில் பேசியிருந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நாம் சொல்ல மாட்டோம். யார் உடைத்தாலும் குடம் குடந்தான்.

ஆனால் சர்க்கார் என்ன செய்திருக்க வேண்டும்? குற்றம் செய்தவன் யாரோ அவனைப் பிடித்து விசாரித்துத் தண்டித்திருக்க வேண்டும். கவர்னர் லில்பர்ன் பாக்ஸ் என்பவர் செய்தது அதுவல்ல. 1838 அக்டோபர் 27-ந் தேதி தம் பட்டாளத்துக்கு ஓர் உத்தரவு எழுதினார். மார்மன்களைச் சத்துருக்களாகவே பாவிக்க வேண்டும் என்றும், அவசியமானால் அவர்களைப் பூண்டோடு ஒழித்தாவது மாகாணத்தை விட்டுத் துரத்தியாவது விட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. இன்னார் குற்றவாளி என்று அதில் இல்லை. இன்ன மதத்தான் என்பதே குற்றம்!

அந்த உத்தரவு பிறந்த மூன்றாம் நாள், ஹான்ஸ் மில் என்னும் சிற்றூரில் ஆயுதந் தாங்கிய இருநூறு பேருக்குக் குறையாமல் புகுந்து 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லன் பட்டறையில் துருத்திக்கடியில் ஒளிந்திருந்த பத்து வயதுப் பையனும் அதில் ஒருவன். அந்தப் பையனுக்குப் பொன் தகட்டைப் பற்றி என்ன தெரியும்?

ஸ்மித் சரணடைந்தார். பட்டாளத் தலைவர் அவரையும் மற்றவர்களையும் மறுநாள் காலை சுட்டுவிடும்படி உத்தரவிட்டார். அப்போது அலெக்சாண்டர் டோனிஃபன் என்னும் அதிகாரி, "இது பச்சைக் கொலை, இந்த உத்தரவுக்கு நான் கீழ்ப்படிய மாட்டேன்" என்கின்ற பாவனையில் எழுதி அனுப்பிவிட்டார். டோனிஃபன் மார்மன் அல்ல. அவர்கள் வேதத்தை நம்பினவருமல்ல. ஆனாலும் மனிதர். தோழர்களே, இந்த முழுச் சரித்திரத்திலும் நாம் தலை வணங்கத் தக்கவர் ஒருவர் உண்டென்றால் அவர் இந்த டோனிஃபன்தான்.

ஆயிரக்கணக்கான பேர், கிழவரும் குழந்தையும் உட்பட, பனிக் காலத்தில் மாகாணத்தை விட்டு வெளியேறினார்கள். ஸ்மித் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜெயிலில் கிடந்து 1839 ஏப்ரலில் தப்பினார். அந்த உத்தரவு எப்போது ரத்தாயிற்று தெரியுமா? 1976-ல்! நூற்று முப்பத்தெட்டு வருஷங்கள் கழித்து மிசூரி கவர்னர் கிறிஸ்டபர் பாண்டு அதை ரத்துச் செய்து வருத்தம் தெரிவித்தார்.

அடிபட்டவர் கைக்கு அதிகாரம் வந்தபோது

இனிக் கதை வேறு பக்கம் திரும்புகிறது. இல்லினாய்ஸ் மாகாணத்தார் இரக்கப்பட்டு அகதிகளுக்கு இடங் கொடுத்தார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்னும் நகரம் எழும்பிற்று. அந்நகரத்துக்கு ஸ்மித்தே மேயர்; நகரக் கோர்ட்டுக்கு அவரே தலைமை நீதிபதி; நகரப் பட்டாளத்துக்கு அவரே ஜெனரல்; சபைக்கு அவரே தீர்க்கதரிசி. வெளியிலிருந்து வாரண்ட் வந்தால் அவருடைய கோர்ட்டே அவரை விடுதலை செய்துவிடும். 1844-ல் அமெரிக்கப் பிரசிடெண்டு வேலைக்கும் அவர் நின்றார். ஆண்டவன் பேரில் பேசுகிறவனிடமே வாளையும் தராசையும் கொடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெகு நாள் செல்லவில்லை.

பல தாரங் கட்டிக் கொள்ளும்படி கடவுள் கட்டளை என்று ஸ்மித் ரகசியமாய் நடத்தி வந்தார். 1843 ஜூலை 12-ந் தேதி அது எழுத்தில் வந்தது. அதில் அவருடைய முதல் மனைவி எம்மா பெயரைச் சொல்லியே, ஒப்புக் கொள்ளாவிட்டால் அழிக்கப்படுவாய் என்று ஆண்டவன் மிரட்டுகிறான்! வீட்டில் புருஷன் மிரட்டினால் பெண் எதிர்த்துப் பேசலாம். ஆண்டவனே மிரட்டினால் யாரிடம் போய்ச் சொல்லுவது? ஸ்மித்துக்கு முப்பது நாற்பது மனைவியர்வரை இருந்திருக்கலாம் என்றும், அதில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை என்றும் 2014-ல் சபையாரே எழுதி ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்.

இதைப் பொறுக்காத அவருடைய சகாக்களில் சிலர் பிரிந்து, "நாவூ எக்ஸ்பாசிட்டர்" என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். 1844 ஜூன் 7-ந் தேதி முதல் இதழ் வந்தது. தீர்க்கதரிசியின் பல தார விவாகத்தையும், மதமும் ராஜாங்கமும் ஒரே கையில் இருப்பதையும் அது வெட்ட வெளிச்சமாக்கிற்று. அதுவே கடைசி இதழும் ஆயிற்று. மேயர் ஸ்மித்தும் அவருடைய நகரசபையும் அப்பத்திரிகை பொதுத் தொல்லை என்று தீர்மானித்து, ஜூன் 10-ந் தேதி அச்சு யந்திரத்தை உடைத்து எழுத்துக்களைத் தெருவில் கொட்டிவிட்டார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன் எந்த மார்மன் அச்சுக்கூடம் இடிபட்டதோ அதே மார்மன்கள், தங்கள் கை ஓங்கியதும், அடுத்தவன் அச்சுக்கூடத்தை உடைத்தார்கள். உண்மை தன் பக்கம் இருக்கிறவனுக்குப் பேனாவைக் கண்டு பயம் எதற்கு?

இதன் மேல் ஸ்மித் கைதாகிக் கார்த்தேஜ் ஊர் ஜெயிலில் வைக்கப்பட்டார். பாதுகாப்புக் கொடுப்பதாகக் கவர்னர் வாக்களித்திருந்தார். 1844 ஜூன் 27-ந் தேதி முகத்தில் கரி பூசிக் கொண்ட ஒரு கும்பல் ஜெயிலுக்குள் புகுந்து ஸ்மித்தையும் அவர் தமையனாரையும் சுட்டுக் கொன்றது. அடுத்த வருஷம் ஐந்து பேர் மேல் வழக்கு நடந்தது; ஐந்து பேரும் விடுதலை. இதனால் மதம் செத்ததா? இல்லை. கோர்ட்டில் நிறுத்தி, சாட்சி வைத்து, குறுக்கு விசாரணை செய்திருந்தால், தொப்பியும் கல்லும், உடைபட்ட அச்சு யந்திரமும் உலகறிய வெளி வந்திருக்கும். சுட்டுக் கொன்றதால் பலிபீடத்தில் ஏறிய தியாகியாகிவிட்டார். மதத்தை ஒழிக்கத் துப்பாக்கி எடுத்தவர்களே அந்த மதத்துக்கு எரு போட்டவர்கள்.

பிரிகாம் யங் என்பவர் தலைமையில் அவர்கள் 1846-ல் நாவூவை விட்டுக் கிளம்பி, ஆயிரம் மைலுக்கு மேல் காடும் மலையும் கடந்து, 1847 ஜூலை 24-ந் தேதி சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் ஏராளம். வறண்ட அந்த நிலத்தில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தார்கள். அந்த உழைப்பை நாம் மெச்ச வேண்டியதுதான். ஆனால் வாய்க்கால் வெட்டியது மனிதன் கையே ஒழிய தேவதூதன் கையல்ல.

அங்கேயும் அதிகாரம் மதக் குருவின் கையில்தான் இருந்தது. 1850-ல் யூட்டா என்று பிரதேசம் ஏற்பட்டு, யங்கே கவர்னருமானார். 1857-ல் அமெரிக்க சர்க்கார் பட்டாளம் அனுப்பியது. பயமும் ஆத்திரமும் நிறைந்திருந்த அந்தச் சமயத்தில், ஆர்கன்சா மாகாணத்திலிருந்து அவ்வழியாகக் குடும்பங் குடும்பமாய்ப் போய்க் கொண்டிருந்த ஒரு கூட்டத்தை மார்மன் பட்டாளத்தார் வளைத்துக் கொண்டார்கள். செப்டம்பர் 11-ந் தேதி வெள்ளைக் கொடி காட்டி, "ஆயுதத்தைக் கொடுத்து விடுங்கள், பத்திரமாய்க் கொண்டுபோய் விடுகிறோம்" என்று சொல்லி, ஆயுதத்தை வாங்கிக் கொண்ட பிறகு, ஆணும் பெண்ணுமாக சுமார் 120 பேரைக் கொன்று போட்டார்கள். 17 சிறு குழந்தைகள் மாத்திரம் மிஞ்சின. பழியைப் பூர்வ குடிகள் மேல் போடவும் பார்த்தார்கள். கடைசியில் ஜான் லீ என்ற ஒருவரை மாத்திரம் 1877-ல் அதே இடத்தில் சுட்டு விஷயத்தை முடித்தார்கள்.

ஹான்ஸ் மில்லில் அழுதவர்களும், இங்கே கொன்றவர்களும் ஒரே சபையார். அடிபட்டவன் எல்லாம் நல்லவனாகிவிடுவதில்லை. நேற்று அடிபட்டதைச் சொல்லி இன்று அடிக்கப் பாத்தியதை கேட்பது எந்தக் கட்சிக்கும், எந்த ஜாதிக்கும், நமக்குங்கூட நியாயமாகாது.

சட்டம் வந்தது

1852-ல் பல தார விவாகத்தை அவர்கள் பகிரங்கமாகவே அறிவித்தார்கள். யங்குக்கு மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட மனைவியர். அவர்களில் ஒருவரான ஆன் எலைசா யங் என்னும் அம்மையார் 1873-ல் விவாகரத்துக்கு வழக்குத் தொடுத்து, ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். பல தாரத்தை ஆதரித்துக் கூட்டம் போட்ட மார்மன் பெண்களும் உண்டு. அது அவர்கள் அபிப்பிராயம். ஆனால் ஒரு புருஷனுக்குப் பத்து மனைவி என்று சொல்லும் எந்த வேதமும் ஒரு மனைவிக்குப் பத்துப் புருஷன் என்று சொன்னதுண்டா? வேதத்தை எழுதினவன் ஆண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அமெரிக்கக் காங்கிரஸ் 1862-ல் இதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. யங்கின் காரியதரிசியாயிருந்த ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ் மேல் வழக்கு நடந்து, அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. "இது என் மதம். மத சுதந்திரம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது" என்பது அவர் வாதம். 1879-ல் கோர்ட்டு சொன்ன தீர்ப்பின் சாரம் இது: ஒருவன் மனதில் நம்புவதில் சட்டம் தலையிடக் கூடாது, ஆனால் அவன் செய்கையில் தலையிடலாம். இல்லாவிட்டால் அவனவனும் தனக்குத் தானே சட்டமாகிவிடுவான். இதற்கு உதாரணமாக நீதிபதி எடுத்துக் காட்டியது எதைத் தெரியுமா? நரபலியையும், செத்த புருஷனுடைய சிதையில் மனைவி விழுந்து எரிவதையுந்தான்! அது தன் மதக் கடமை என்று ஒரு பெண் நம்பினாலும், சர்க்கார் தடுக்கக் கூடாதா என்று கேட்டார். 1829-ல் பெண்டிங் பிரபு சட்டம் போட்டு நிறுத்திய நம் நாட்டு உடன்கட்டை, ஐம்பது வருஷத்திற்குப் பிறகு அமெரிக்கக் கோர்ட்டில் உதாரணமாய் ஏறிற்று. நம் புண்ணிய பூமியின் பெருமை அவ்வளவு தூரம் பரவியிருந்தது!

பல தாரம் என்பது ஆசியாக்காரருக்கும் ஆப்பிரிக்காக்காரருக்குமே உரிய பழக்கம் என்றும் அத்தீர்ப்பில் ஓர் இளக்காரம் உண்டு. நியாயம் சொல்ல உட்கார்ந்தவருக்கும் தோல் நிற அகம்பாவம் போகவில்லை. அதை நாம் ஒப்புக் கொள்ள மாட்டோம். ஆனால் நம்பிக்கை வேறு, செய்கை வேறு என்கின்ற அந்தப் பாகுபாடு நமக்கு வேண்டியது. அதே பாகுபாடுதான் பின்னால் இந்த நாட்டுக்கும் வந்தது. ஹிந்து ஆண்கள் பல தாரங் கட்டுவதைத் தடுக்கும் பம்பாய்ச் சட்டத்தை எதிர்த்து, மதத்தில் கை வைக்கிறார்கள் என்று வழக்காடியபோது, 1951-ல் பம்பாய் ஹைகோர்ட்டு, மார்மன் வழக்கொன்றின் தீர்ப்பை எடுத்துக்காட்டியே அச்சட்டத்தை நிலைநிறுத்திற்று. சென்னை மாகாணத்திலும் அப்படிப்பட்ட சட்டம் 1949-லேயே வந்துவிட்டது.

ஆனால் அமெரிக்க சர்க்கார் அந்தப் பாகுபாட்டில் நின்றதா என்றால், இல்லை. ஐடஹோ பிரதேசத்தில், பல தாரத்தைப் போதிக்கும் சபையில் அங்கத்தினனாய் இருந்தாலே, அவன் ஒரு மனைவிகூடக் கட்டாதவனாயிருந்தாலும், ஓட்டு இல்லை என்று சட்டம் செய்தார்கள். 1890-ல் சுப்ரீம் கோர்ட்டு அதையும் ஒப்புக் கொண்டது. இது செய்கைக்குத் தண்டனையா, நம்பிக்கைக்குத் தண்டனையா?

1887-ம் வருஷச் சட்டம் இன்னும் வேடிக்கையானது. சபையின் சொத்தில் 50,000 டாலருக்கு மேற்பட்டதைப் பறிமுதல் செய்தது. அதே சட்டம் யூட்டாப் பெண்களுக்கு 1870-ல் கிடைத்திருந்த ஓட்டுரிமையையும் பிடுங்கிற்று! பெண்களைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் அந்தப் பெண்களின் ஓட்டைப் பறித்தார்கள். பல தாரங் கட்டினவன் ஆண். ஓட்டை இழந்தவள் பெண். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தினதோடல்லாமல், வீட்டுக்காரியையும் வெளியே தள்ளின கதைதான் இது.

கடைசியில் 1890 செப்டம்பரில் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், இனிப் பல தாரம் வேண்டாம் என்று அறிக்கை விட்டார். சொத்தும் உரிமையும் போகும் தருணத்தில் ஆண்டவனுடைய நித்தியக் கட்டளை மாறிவிட்டது. 1896-ல் யூட்டா மாகாண அந்தஸ்து பெற்றது. பெண்களுக்கும் ஓட்டுத் திரும்பி வந்தது. அப்படியே, நீக்ரோக்களுக்குக் குருத்துவம் இல்லை என்றிருந்த கட்டளையும், உலகமெல்லாம் காறித் துப்பிய பிறகு, 1978-ல் ஒரு புது வெளிப்பாட்டால் மாறிற்று. சர்க்காரும் ஜனங்களும் நெருக்கின பிறகே கடவுளுக்குப் புத்தி வருகிறதென்றால், வழி காட்டுவது கடவுளா, மனிதனா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நாம் அறிய வேண்டியது

தோழர்களே! முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்லுவோம். பொன் தகட்டை நாம் நம்பவில்லை. ஆனால் பொன் தகட்டை நம்பினதற்காக ஒருவனை அடித்தால், அடிபடுகிறவன் பக்கமே நாம் நிற்போம். ஏனென்றால், மூட நம்பிக்கை வைத்துக் கொள்ள ஒருவனுக்கு உரிமையில்லாத ஊரில், நம்பிக்கையில்லை என்று சொல்ல நமக்கும் உரிமையிருக்காது. இன்று அவன் தலைக்கு வந்த கல் நாளைக்கு நம் மேடைக்கு வரும். கல்லின் ருசி இந்த இயக்கத்துக்குத் தெரியாததல்ல.

சர்க்காரின் கை எதுவரை என்றால், ஒருவன் மனதுக்கும், வாய்க்கும், பேனாவுக்கும் முன்னால் அது நின்றுவிட வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்வில், ஒரு குழந்தையின் உடம்பில், ஒரு மனிதனின் மானத்தில் மதம் கை வைக்குமானால், அங்கே சர்க்கார் தயங்கக் கூடாது. "இது எங்கள் மதம்" என்கின்ற கூச்சல் கேட்டுப் பின் வாங்கவும் கூடாது. செய்தவனைத் தண்டிக்க வேண்டும். அவன் கூட்டத்தையே தண்டிக்கக் கூடாது.

மார்மன் சபையில் இன்று ஒரு கோடியே எழுபது லட்சம் பேருக்கு மேல் இருப்பதாக அவர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். கவர்னர் உத்தரவும், பட்டாளமும், கும்பலின் துப்பாக்கியும் செய்ய முடியாததை ஒரு பழைய பப்பைரஸ் துண்டும், அதைப் படிக்கத் தெரிந்த நாலு பேரும் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர், இந்தச் சான்றுகளைப் படித்துப் பார்த்து வெளியேறி வருகிறார்கள். ஆகவே மூட நம்பிக்கையை ஒழிக்க ஆயுதம் படிப்பும் கேள்வியுமே தவிர வேறில்லை.

நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் எதையும் அப்படியே ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை ஏற்றுக் கொண்டு, மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக் கொள்கிறோம்.